பாட்டியின் அடுப்பு

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். சரி, அந்தத் தனி வளையை உலகமே க்யூவில் நின்று பார்க்க வந்துவிட்டால்? குடியிருந்தவர் கதி என்ன?

ஜோர்டான் நாட்டின் தெற்கே, பாலைவன மலைகளுக்கு நடுவில் இருக்கும் பெட்ராவை நீங்கள் போட்டோவிலாவது பார்த்திருப்பீர்கள். செம்பாறையில் குடைந்த பிரம்மாண்டமான முகப்பு, அதன் காலடியில் எறும்பு சைஸில் ஓர் ஒட்டகம். 1989-ல் வந்த இண்டியானா ஜோன்ஸ் படத்தில் ஹாரிசன் ஃபோர்டு குதிரையில் போய்ச் சேருவாரே, அதே இடம். அல் கஸ்னா என்று பெயர். புதையல் மாளிகை என்று அர்த்தம். நாற்பது மீட்டர் உயரம் இருக்கும். மேலே உள்ள கல் ஜாடிக்குள் தங்கம் இருக்கிறது என்று நம்பி உள்ளூர்க்காரர்கள் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். தழும்பு இன்னும் தெரியும். ஜாடி முழுக்கக் கல். பாவம்.

ஒரு நாள் டிக்கெட் 50 தினார். வாங்கிக்கொண்டு கைடோடு நடக்கிறீர்கள். சிக் என்கிற பாறை இடுக்கு வழியாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை. அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு நாடா மாதிரி தெரியும். கைடு ஒப்பித்துக்கொண்டே வருவார். நபதேயர்கள் என்ற வணிகர்கள், சாம்பிராணி வியாபாரத்தில் கொழித்தவர்கள். எப்போதாவது பெய்யும் மழையையும் வீணாக்காமல் வாய்க்கால் வெட்டித் தொட்டிகளில் சேர்த்து, பாலைவனத்தில் ஒரு தலைநகரத்தையே நடத்தியவர்கள். கி.பி. 106-ல் ரோமானியர் கைக்குப் போனது. 363-ல் பூகம்பம். பிறகு ஊர் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனது. 1812-ல் பர்க்ஹார்ட் என்ற சுவிஸ்காரர் ஷேக் இப்ராஹிம் என்று வேஷம் போட்டுக்கொண்டு, ஹாரூன் நபியின் சமாதிக்கு ஆடு நேர்ந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லி உள்ளே நுழைந்து பெட்ராவைக் கண்டுபிடித்தார்.

இந்த இடத்தில் கைடைக் கொஞ்சம் நிறுத்துங்கள். பர்க்ஹார்ட்டுக்கு வழி காட்டிக்கொண்டு முன்னால் போனவர் உள்ளூர் ஆள். முன்னால் போனவருக்குப் பெயர் இல்லை, பின்னால் போனவர் கண்டுபிடித்தவர்!

அந்த மலைகளில் ஆட்கள் இருந்தார்கள். ப்தூல் என்கிற பெதூயின் குலத்தார். நபதேயர்கள் குடைந்த குகைகளில் தலைமுறைகளாகக் குடித்தனம். ஆடு மேய்ப்பு, கழுதையில் தண்ணீர், வாசலில் அடுப்பு. 1978-ல் அங்கே சுற்றுலா வந்த மார்கரெட் வான் கெல்டர்மால்சன் என்ற நியூசிலாந்து நர்ஸ், ப்தூல் இளைஞர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு அந்தக் குகைகளில் ஒன்றிலேயே குடும்பம் நடத்தினார். அந்த வாழ்க்கையை 2006-ல் புத்தகமாகவும் எழுதினார். விதியே என்று கிடந்த இடமாக அவருக்கு அது தோன்றவில்லை.

1985-ல் யுனெஸ்கோ பெட்ராவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதே வருஷம் ப்தூல் மக்களைக் குகைகளிலிருந்து கிளப்பி, பக்கத்து மேட்டில் உம் சைஹூன் என்ற புதுக் குடியிருப்பில் வைத்தார்கள். கான்கிரீட் வீடு, கரண்ட், குழாயில் தண்ணீர், பள்ளிக்கூடம்.

"நல்லதுதானே செஞ்சிருக்காங்க, இதில் என்ன தப்பு?" என்பீர்கள். நியாயம்தான். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணைக் கழுதையில் ஏற்றிக்கொண்டு போகும் வாழ்க்கையில் கவிதை எதுவும் கிடையாது. குகையைப் பற்றி உருகுகிறவர்கள் பெரும்பாலும் ஓட்டலில் வெந்நீரில் குளித்துவிட்டு வந்தவர்கள். மணற்கல்லும் மிருதுவானது. அடுப்புப் புகையும் ஆட்டுக் கொட்டிலும் அதற்கு ஆகாது. காப்பாற்ற வேண்டும் என்றால் யாராவது வெளியேறத்தான் வேண்டும் என்று அதிகாரி சொன்னால் சட்டென்று மறுக்க முடியாது.

ஆனால் எனக்கு இடிப்பது வேறு இடம். ஓர் அணை கட்டுவதற்காக ஊரைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். கொடுமைதான், இருந்தாலும் எங்கேயோ ஒரு வயலுக்குத் தண்ணீர் போகும். ரோடு போட்டால் பஸ் போகும். இங்கே ப்தூல்கள் எதற்காக வெளியேறினார்கள்? நீங்களும் நானும் பார்ப்பதற்காக. ஒரு மனிதன் தன் வீட்டை விட்டுப் போக, இன்னொருவன் ஆசையாகப் பார்ப்பது போதுமான காரணமா?

மனித குலம் முழுமைக்கும் சொந்தம் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எல்லோருக்கும் சொந்தம் என்று ஆனதும், அதுவரை உள்ளே இருந்தவருக்கு மட்டும் சொந்தம் போய்விடுகிறது. புகை கெடுதல் என்றால் கால்களும் கைகளும் கெடுதல்தானே? 2019-ல் மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் பெட்ராவுக்கு வந்தார்கள். சுவரைத் தடவிப் பார்க்காமல் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களை யாரும் கிளப்பவில்லை. கிளப்பினால் டிக்கெட் விற்காது.

இன்னொரு வாதமும் உண்டு. ப்தூல்கள் என்ன நபதேயர்களின் வாரிசுகளா? நாங்கள் அவர்கள் வழி வந்தவர்கள்தான் என்று அவர்களில் சிலர் சொல்வதுண்டு. அறிஞர்கள் இழுத்துப் பேசுவார்கள். இந்தச் சர்ச்சையே வேண்டாம் என்பது என் கட்சி. நபதேயர்களுக்கு முன்னால் அந்த மலைகளில் ஏதோமியர்கள் இருந்தார்கள். பத்திரம் பார்க்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்பது? நீங்கள் குடியிருக்கும் தெருவில் முந்நூறு வருஷத்துக்கு முன் யார் இருந்தார்கள் என்று தெரியுமா? தெரியாவிட்டாலும் அது உங்கள் வீடுதான்.

அந்த மலையில் ராஜ சமாதிகள் என்ற வரிசையில் ஜாடிச் சமாதி என்று ஒன்று இருக்கிறது. (பெட்ராவின் பிரமாண்ட முகப்புகள் பெரும்பாலும் சமாதிகளே. அல் கஸ்னாவின் அடியிலும் 2024-ல் பன்னிரண்டு எலும்புக்கூடுகள் கிடைத்தன.) நபதேயர்கள் யாரோ ஒரு பெரிய மனிதருக்காகக் குடைந்த அந்த ஜாடிச் சமாதியை, கி.பி. 446-ல் கிறிஸ்தவர்கள் தேவாலயமாக மாற்றிக்கொண்டார்கள். அதை உள்சுவரில் சிவப்பு மையால் எழுதியும் வைத்தார்கள். இன்றைக்கு அந்த எழுத்தைக் கைடு டார்ச் அடித்துக் காட்டுவார். பார்ப்பவர்கள் பக்தியோடு நிற்பார்கள். சமாதிக்குள் புகுந்து சுவரில் எழுதிய அந்தக் காரியம் சரித்திரமாகிவிட்டது.

ப்தூல்களும் அடுத்தவர் குடைந்ததைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டவர்கள்தான். மை வைத்து எழுதாமல் கரியாக விட்டுவைத்தார்கள். பல குகைகளின் கூரையில் அடுப்புப் புகை அட்டைக் கரியாகப் படிந்திருக்கிறது. அதற்குப் பெயர் மட்டும் சேதம். இரண்டுக்கும் நடுவில் வயசைத் தவிர என்ன வித்தியாசம் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஆயிரத்து ஐந்நூறு வருஷம் கழித்துச் சுத்தம் செய்ய வருகிறவர்கள், அந்தக் கரியைக் கண்ணாடி போட்டுப் பாதுகாப்பார்களோ என்னவோ.

2005-ல் ஒரு வேடிக்கை நடந்தது. பெட்ரா, வாடி ரம் பகுதிப் பெதூயின்களின் பண்பாட்டு வெளியை மனித குலத்தின் அரிய வாய்மொழி, மரபுச் செல்வமாக யுனெஸ்கோ அறிவித்தது. அதில் ப்தூல்களும் உண்டு. பெட்ராவை ஒட்டிய குகைகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் அவர்கள் பயன்படுத்தும் விதம் உள்பட. குகையை விட்டு வந்து இருபது வருஷம் ஆனவர்களுக்கு, குகை வாழ்க்கைக்காகப் பாராட்டுப் பத்திரம்!

இத்தாலியின் மதேராவிலும் இப்படித்தான். குகை வீடுகளில் கொசுவும் நோயும் வறுமையும். நாட்டுக்கே அவமானம் என்று 1952-ல் சட்டம் போட்டு ஆயிரக்கணக்கானவர்களை வெளியேற்றினார்கள். 1993-ல் அந்தக் குகைகள் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. இப்போது பல குகைகள் ஓட்டல் அறைகள். அவமானத்துக்கு நாள் வாடகை.

உம் சைஹூனில் குடும்பங்கள் பெருகின, ஊர் விரிய இடமில்லை. கல்யாணமான பையன் எங்கே போவான்? சிலர் குகைகளுக்கே திரும்பினார்கள், சிலர் கிளம்பவே இல்லை. அதிகாரிகள் கிளப்பப் பார்ப்பதும் அவர்கள் மறுப்பதும் இன்றும் நடக்கிறது. மற்றவர்கள் பகலில் அதே மலையில் கழுதை ஓட்டி, டீ விற்று, கைடாக நடந்து, சாயங்காலம் மேட்டுக்குப் போகிறார்கள். சின்னப் பிள்ளைகள் போஸ்ட் கார்டு விற்பார்கள். பிள்ளைகளிடம் வாங்காதீர்கள், அவர்கள் பள்ளிக்கூடம் போகட்டும் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அந்த போர்டு சொல்வதோடு எனக்குச் சம்மதம். ஆனால் மறுத்துவிட்டு நகரும்போது, அந்தப் பெண் எந்த வாசலில் நின்றுகொண்டு விற்கிறாள் என்பதையும் ஒரு நிமிஷம் பாருங்கள்.

போனால் இதையும் கேளுங்கள். மன்னர்களின் பெயரெல்லாம் ஒப்பித்து முடித்து கைடு மூச்சு வாங்கும்போது, ஏதாவது ஒரு சின்னக் குகையின் கறுத்த கூரையைக் காட்டி, "இந்தக் கரி எந்தக் காலத்தது?" என்று கேளுங்கள். வெளியூர் ஆள் என்றால் உதட்டைப் பிதுக்குவார். ப்தூல் ஆளாக இருந்தால், "அதுவா, எங்க பாட்டி ரொட்டி சுட்ட அடுப்பு" என்று சொன்னாலும் சொல்வார்.