பிரமாணிக்கம் யாருக்கு?

செக் நாட்டு ஐஸ் ஹாக்கி வீரர் யாரோமிர் யாகர், 1991, 1992 ஆம் ஆண்டுகளில் பிட்ஸ்பர்க் பெங்குயின்ஸ் அணி ஸ்டான்லி கோப்பையை வெல்லத் துணைநின்றவர். 2011இல், தம் 39ஆம் வயதில், எவ்வணிக்கும் கட்டுப்படாதிருந்த அவர், அதன் பரம வைரியான பிலடெல்பியா ஃபிளையர்ஸில் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் பிட்ஸ்பர்க் அரங்கம் அவரைக் கூச்சலிட்டு இகழ்ந்தது.

துரோகமா இது? பிரமாணிக்கம் வாக்குறுதியினின்று பிறப்பது. அவர் மீறிய வாக்குறுதி எதுவுமில்லை. 2001இல், ஊதியச் சுமை தாளாது, அவரை வாஷிங்டனுக்குக் கைமாற்றியதே அந்த அணிதான்! ஆயினும் ரசிகரின் வேதனையைப் பொய்யென்று தள்ள இயலவில்லை. ஒப்பந்தம் ஏதுமின்றி அன்பு செலுத்தியவர்கள் அவர்கள். நோவதற்கு உரிமையுண்டு, தீர்ப்பிடுவதற்கு இல்லை.

2024 பிப்ரவரியில், அவர் அணிந்த 68ஆம் எண் இனி எவருக்கும் இல்லையென அணி அறிவித்து விழா எடுத்தபோது, அதே அரங்கம் ஆர்ப்பரித்து வரவேற்றது.