பலி என்ற சொல்

அட்ரியாமைசினுக்குப் பெயர் அட்ரியாடிக் கடலிலிருந்து வந்தது. இத்தாலிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரின் வழிவந்த புற்றுநோய் மருந்து. செம்பருத்திச் சாறு மாதிரி சிவப்பு. என் அத்தைக்கு அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். புற்றைக் கொல்லும். உடலில் சேரச் சேர இதயத் தசையையும் கெடுக்கும்.

நோயாளிகளின் இதயம் தளர்வதைக் கண்டவர்கள் அதே தளர்ச்சியை முயல்களிடமும் பீகிள் நாய்களிடமும் வேண்டுமென்றே உண்டாக்கித் தடுக்கும் வழி தேடினார்கள். டெக்ஸ்ராசாக்ஸேன் இதயத்தைக் காக்கும் என்பது அந்த உடல்களில் தெரிந்தது. 1995ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பாங்க் குமாஸ்தாவான எனக்கு இந்தக் கணக்கு புரிகிறது. பற்று ஒருவர் பேரில், வரவு வேறொருவர் பேரில். புரிவதால் நியாயமாகிவிடாது, புரிகிறது, அவ்வளவுதான்.

எனக்கு நெருடுவது எலியின் சிறுநீரகம். கிலோ எடைக்கு 5 முதல் 7.5 மில்லிகிராம் வரை, வால் நரம்பில் ஒரே ஊசி. சில வாரங்களுக்குள் சிறுநீரில் புரதம் ஒழுகுகிறது, உடம்பில் நீர் கோக்கிறது, ரத்தத்தை வடிகட்டும் நுண்முடிச்சுகள் தழும்பேறுகின்றன. மனிதரிடம் இம்மருந்து இப்படிச் செய்வது அபூர்வம். ஆகவே இது மருந்தின் அபாயத்தை அளக்கிற சோதனையல்ல. மனிதச் சிறுநீரக நோய்களை ஆராய ஒரு கெட்ட சிறுநீரகம் தேவை. கெடுப்பதற்கு மருந்து வாங்கப்படுகிறது. சுண்டெலிகளில் பால்ப்-ஸி வம்சம் எளிதில் கெடும். சி57 பிளாக் 6 வம்சம் பெரும்பாலும் தப்பிவிடும். எனவே கெடுவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அஞ்ச வேண்டிய பக்கவிளைவு ஒரு சமையல் குறிப்பாகிவிட்டது. அதற்கு 'மாதிரி' என்று பெயர்.

ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளின் வழக்கப்படி இந்த எலிகள் கொல்லப்படுவதில்லை, 'பலியிடப்படுகின்றன'. யாருக்கு? எங்கள் பக்கத்தில் கிடாவின் தலையில் தண்ணீர் தெளித்து, அது சிலிர்த்த பிறகுதான் வெட்டுவார்கள். சிலிர்ப்பைச் சம்மதமாகக் கொள்வது மோசடிதான். ஆனால் சம்மதம் வேண்டும் என்ற நினைப்பாவது அந்த மோசடிக்குள் இருக்கிறது. 1959ல் ரஸ்ஸலும் பர்ச்சும் மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்றார்கள். நல்ல காரியம், பல எலிகள் தப்பியிருக்கும். ஆனாலும் அனுமதி மனிதன் கேட்டு மனிதன் கொடுப்பதுதான்.

இதையெல்லாம் நிறுத்து என்று சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. அன்று அத்தையின் கட்டிலருகே இவை அனைத்தும் தெரிந்திருந்தாலும் அந்தச் சிவப்புச் சொட்டை நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அந்தக் கட்டுரைகளில் 'நாங்கள் கொன்றோம்' என்று எழுதலாம். எழுவாயோடு.