விலை தெரிந்தவன்

பழைய மேஜை நாற்காலி வாங்குவதில் என்ன தர்ம சங்கடம் வந்துவிடப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். விற்கிறவன் விற்கிறான், வாங்குகிறவன் வாங்குகிறான். கத்தரிக்காய் வாங்கும்போது வராத சங்கடம் கட்டில் வாங்கும்போது மட்டும் ஏன் வரவேண்டும்? ஆனால் வருகிறது. எனக்கு நேரிலே வந்தது.

என் நண்பர் ஒருவர் கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அருகே தங்கும் விடுதி ஒன்று கட்டியிருக்கிறார். அறைகளில் புதுச் சாமான் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். பழஞ்சாமான் வாங்கக் காரைக்குடிக்குக் கிளம்பியபோது துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இனாமல் தூக்குகள், ரவிவர்மா படங்கள், கண்ணாடி விளக்குகள், பிஸ்கோத்து டப்பாக்கள், பெட்டகங்கள், நிலையோடு பெயர்த்து வந்த கதவுகள் என்று ஒரு சமூகத்தின் நூறு வருஷத்து வாழ்க்கை அங்கே தூசி படிந்து குவிந்து கிடக்கிறது.

மரத்தைப் பார்த்து வாங்குவதே ஒரு வித்தை. பர்மாத் தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் லேசில் அண்டாது. ஈட்டி மரம் கனம். தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பலா, அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும். வயசாக ஆகக் கறுத்துச் சிவக்கும். தஞ்சாவூரில் வீணை செய்வது இந்தப் பலாவில்தான். இவற்றுக்கு நடுவில் மெலிந்த உடம்போடு வியன்னா நாற்காலி நிற்கும். பீச் மரத்தை ஆவியில் வேகவைத்து வளைத்து மைக்கேல் தோனெட் என்பவர் 1859இல் கொண்டுவந்த மாதிரி அது. 6 மரத் துண்டுகள், 10 திருகாணிகள், 2 நட்டுகள், அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். கப்பலேறி உலகமெல்லாம் போனதற்கு அந்த அடக்கமே காரணம். நண்பர் ஒரு தேக்கு ஊஞ்சலையும், பளிங்குக்கல் பதித்த மேஜை ஒன்றையும், இரண்டு வளைமர நாற்காலிகளையும் வாங்கினார். பிரம்பு பின்னிய ஆசனம் மலை ஈரத்தில் பூசணம் பூக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

இவையெல்லாம் வீட்டை விட்டு வெளியே வந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததே. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தார்கள். செட்டிநாட்டின் வரவு அடிபட்டது. அரண்மனை போன்ற வீட்டில் பங்காளிகள் பெருகினார்கள். ஒரு ஊஞ்சலைப் பன்னிரண்டு பங்கு போடமுடியுமா? விற்றுப் பணத்தைப் பிரிப்பதுதான் வழி. பாவம் என்று நாம் இரக்கப்படத் தொடங்கும்போதே கணக்கின் மறு பக்கமும் நினைவுக்கு வந்துவிடுகிறது. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. மந்தத்தில் கடன் அடைக்க முடியாத குடியானவனின் வயல்கள் வந்து சேர, சில வருஷங்களில் அது 25 பங்காயிற்று. அந்த ஊஞ்சலில் எவனெவனுடைய பெருமூச்சு ஆடுகிறதோ! பழைய பொருள்களில் குற்றமற்றதை மட்டும் பொறுக்கி எடுக்கலாம் என்று புறப்பட்டால் வெறுங்கையோடுதான் திரும்பவேண்டும்.

என் சங்கடம் அதுவல்ல. காரைக்குடியில் விலை தெரிந்தவர் கடைக்காரர், தெரியாதவர் நண்பர். அங்கே தர்மம் கடைக்காரர் பாடு. மலைக்குத் திரும்பியதும் வேஷம் மாறிவிட்டது.

விடுதியின் முன்கூடத்துக்கு மலைக்கே உரியதாக ஏதாவது வேண்டும் என்று நண்பர் ஊர் ஊராகத் தேடினார். மலையாளிகள் என்றே பெயர் கொண்ட அந்த மலைக்குடிகளின் வீடுகளில் மேஜை நாற்காலி முன்பெல்லாம் அபூர்வம். ஒரு வீட்டுத் திண்ணையில் மட்டும் பலாமர பெஞ்சு ஒன்று கிடந்தது. ஒரே பலகை; நாலு கால்கள்; ஆணி ஒன்றுகூட இல்லை, எல்லாம் மர முளை. மூன்று தலைமுறை உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் வழவழவென்று குழிந்திருந்தது. வீட்டுக்காரர் எழுபது தாண்டிய பெரியவர். நாலு பிளாஸ்டிக் நாற்காலியும் கையில் 500 ரூபாயும் தருவதாக நண்பர் சொன்னார். பெரியவர் உடனே சம்மதித்தார்.

"காரைக்குடியில் இது என்ன பெறும்?" என்று நண்பரைத் தனியே கேட்டேன்.

"எட்டாயிரத்துக்குக் குறையாது. அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். நடுவிலே உங்களுக்கு என்ன சார் கஷ்டம்?"

இந்தக் கேள்வி பழையது. கி.மு. 44இல் ரோமாபுரியின் சிசரோ தம் மகனுக்குக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பித்தளை என்று நினைத்து ஒருவன் தங்கத்தை விற்கிறான். இது தங்கம் என்று நல்லவன் அவனுக்குச் சொல்லவேண்டுமா, ஆயிரம் காசு பெறுவதை ஒரு காசுக்கு வாங்கிக்கொண்டு போகலாமா என்று அதில் கேட்கிறார். நம்மிடமும் இந்த விசாரம் இல்லாமலில்லை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது, குறைத்துக் கொடுக்காததை மட்டுமல்ல, மிகுத்து வாங்காததையும் சேர்த்தே புகழ்கிறது. விற்பவனுக்குத்தான் நேர்மை வேண்டும், வாங்குபவனுக்கு வேண்டியதில்லை என்பது நாம் பிற்பாடு கண்டுபிடித்த சௌகரியம்.

நண்பரின் கட்சியிலும் நியாயம் உண்டு. ஊர் ஊராக அலைந்து விலை தெரிந்துகொண்டவர் அவர். தெரிந்ததற்குக் கூலி கூடாதா? வைத்தியர் வாங்குகிறார், வக்கீல் வாங்குகிறார். ஆனால் வைத்தியர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக் காசு வாங்குகிறார். இங்கே தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதில்தான் காசு. சாமானைக் கண்டுபிடித்த திறமை, வண்டிக் கூலி, மெருகுச் செலவு, விற்காமல் கிடந்தால் வரும் நஷ்டம், எல்லாவற்றுக்கும் அவர் லாபம் வைக்கட்டும். உண்மையைச் சொன்ன பிறகும் அந்த லாபம் நிற்கும். சொன்ன மாத்திரத்தில் உதிர்ந்துபோகிற பங்கு எதுவோ, அது மட்டும் அவருடையதல்ல.

நகரத்துக்காரனின் இன்னொரு கண்ணீரையும் நான் நம்புவதில்லை. "ஐயோ, இந்தப் பெஞ்சைக் கொடுத்துப் பிளாஸ்டிக்கா!" என்று அலறுவானே, அதைச் சொல்கிறேன். பெரியவர் ஏன் பிளாஸ்டிக் கேட்டார் என்பதை அவர் மருமகள் சொன்னாள்: "பேத்தியப் பொண்ணு பாக்க வர்றாங்க. எல்லாரும் ஒண்ணா உக்கார நாற்காலி வேணுமில்ல?" ஆபீசர் வந்தால் இரவல் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, தாம் நின்றுகொண்டே பதில் சொன்ன தலைமுறை பெரியவருடையது. அந்த நாலு நாற்காலிகளில் அவர் கண்ட அழகு உங்களுக்கும் எனக்கும் தெரியாது. பாட்டன் சொத்தைத் தள்ளிவிடுகிற உரிமையும் பேரனுக்கு உண்டு. ஆனால் தள்ளிவிடுவது என்ன பெறும் என்று தெரிந்துகொண்டு தள்ளட்டுமே!

நண்பர் எதிரிலேயே சொல்லிவிட்டேன்: "பெரியவரே, கீழே இதை எட்டாயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள்."

நண்பர் முகம் சுண்டிவிட்டது. பெரியவர் ஆச்சரியப்படவே இல்லை. என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்.

"கீழதானுங்களே? இங்க நான் குடுக்கிற மிளகு கீழ போனா என்ன விலை, பலாப்பழம் என்ன விலை, எனக்குத் தெரியாதுங்களா? எழுவது வளைவு இறங்கிப் போகுது, வளைவுக்கு ஒரு வெல ஏறும். மிளகுக்கு யாரும் வந்து இப்படிச் சொன்னதில்லீங்க. பெஞ்சுக்குச் சொல்றீங்க."

எனக்குப் பதில் வரவில்லை. அன்று காலையில்தான் சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வாங்கியிருந்தேன். மலிவு என்று மகிழ்ந்துகொண்டே வாங்கியிருந்தேன். அதில் தவறு என்ன என்று இன்றைக்கும் என்னால் விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. பெஞ்சுக்கும் மிளகுக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்ல முடியவில்லை. பெஞ்சு ஒன்றுதான், மிளகு வருஷா வருஷம் காய்க்கும் என்று ஒரு சமாதானம் தோன்றியது. வருஷா வருஷம் நடப்பது பெரிய அநியாயமா, ஒரு தரம் நடப்பதா?

பெரியவர் அதற்குள் வியாபாரத்துக்குத் திரும்பிவிட்டார். நாலு நாற்காலி ஆறாயிற்று. 500 ரூபாய் 3000 ஆயிற்று. நண்பர் என்னை முறைத்தபடியே எண்ணிக் கொடுத்தார்.

பெஞ்சு வண்டிக்குள் நுழையவில்லை. பெரியவர் உள்ளே போய் ஒரு மரச் சுத்தியை எடுத்து வந்து, முளைகளைத் தட்டிக் கால்களைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் கரித்துண்டால் ஒரு கோடு, இரண்டு கோடு என்று அடையாளம் போட்டார். பத்து நிமிஷம் ஆகவில்லை.

"இதைத் திரும்ப எப்படிப் பூட்டுவது?" என்று நண்பர் கேட்டார்.

"அது கொஞ்சம் சூட்சுமமுங்க. நானே வந்து மாட்டித் தாரேன். ஒரு நாள் கூலி, சாப்பாடு, போக வர வண்டி."

கூலி எவ்வளவு என்று அவர் சொன்ன தொகைக்கு நண்பர் மறு பேச்சுப் பேசவில்லை.