சிவப்பு சிப்புக்குக் கைதட்டியவன்

(2018 நவம்பர் 30, வெள்ளிக்கிழமை மாலை. சவூதி அரேபியாவின் தம்மாம் கடற்கரை நடைபாதை.)

சீடன்: ஐயா, நேற்று இரவு பாலம் தாண்டிப் போய் ‘2.0’ பார்த்துவிட்டு வந்தேன். படம் எப்படி என்று ரூமில் எல்லோரும் கேட்கிறார்கள். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

குரு: பாலம் தாண்டியா? இந்த நாட்டிலேயே தியேட்டர் திறந்துவிட்டார்களே!

சீடன்: முப்பத்தைந்து வருஷத் தடைக்குப் பிறகு ஏப்ரல் 18ஆம் தேதி ‘பிளாக் பாந்தர்’ போட்டுத் திறந்தார்கள். அதுவும் சூப்பர் ஹீரோ படம்தான். ஆனால் அது ரியாத்தில். தம்மாமில் இன்னும் ஒரு திரைகூட வரவில்லை. நமக்கு இப்போதும் கிங் ஃபஹத் பாலமும் பஹ்ரைனும்தான் கதி. ரீ-என்ட்ரி விசாவுக்கு 200 ரியால், டிக்கெட் தனி.

குரு: அவ்வளவு செலவு செய்து பார்த்ததில் எந்த இடத்தில் கை தட்டினாய்?

சீடன்: கடைசி அரைமணி நேரம். வில்லன் பட்சிராஜன் ரோபோ சிட்டியை நொறுக்கிவிடுகிறார். இன்னொரு ரோபோவான நிலா சிட்டிக்குச் சிவப்பு சிப்பைப் பொருத்தி எழுப்புகிறாள். அந்தப் பழைய கெத்தோடு அவன் தலையைத் திருப்பினதும் தியேட்டரே எழுந்து நின்றது. நானும்தான்.

குரு: அந்தச் சிவப்பு சிப்புக்காரன் யார்?

சீடன்: 2010இல் முதல் பாகமான ‘எந்திரன்’ படத்தில் ஊரையே அழிக்கப் பார்த்த அதே சிட்டி.

குரு: அந்தப் படம் எப்படி முடிந்தது?

சீடன்: கோர்ட் உத்தரவு போடுகிறது. சிட்டியே தன் கையால் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வைக்கிறான். அன்றைக்கு அழுதுவிட்டேன் ஐயா.

குரு: எட்டு வருஷத்துக்கு முன்னால் அவன் கழற்றி வைத்தபோது அழுதாய். நேற்று அதையே திரும்பப் பூட்டியபோது கை தட்டினாய். இரண்டில் எது உண்மை?

சீடன்: இரண்டுமே உண்மைதான். அவன் நம்ம ஆள். போனாலும் வருத்தம், வந்தாலும் சந்தோஷம்.

குரு: சரியாகச் சொன்னாய். ரசிகன் நியாயத்தைப் பார்த்துப் பக்கம் சேர்வதில்லை, ஆளைப் பார்த்துச் சேர்கிறான். அதில் குற்றமில்லை. அதை அறியாமல் இருப்பதில்தான் சிக்கல்.

சீடன்: ஆனால் ஐயா, திரும்பி வருவதில் என்ன தவறு? திருமால் மீண்டும் மீண்டும் வரவில்லையா?

குரு: வந்தார். ஆனால் இராமன் மறுபடி இராமனாக வரவில்லை. காரியம் புதிது, உருவமும் புதிது. பழைய உயிரே பழைய குறையோடு திரும்பி வந்தால் அதை அவதாரம் என்று சொல்ல மாட்டோம். மறுபிறவி என்போம். மறுபிறவிக்குக் காரணம் என்ன?

சீடன்: மிச்சமிருக்கும் வினை, தீராத ஆசை.

குரு: சிட்டிக்கு என்ன ஆசை மிச்சமிருந்தது? எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தானே போனான்?

சீடன்: அவனுக்கு ஒன்றுமில்லை. ஆசை எங்களுக்குத்தான். இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று எட்டு வருஷம் கேட்டவர்கள் நாங்கள்.

குரு: அப்படியானால் நேற்றுப் பிறந்தது உன் வினை. சரி, அந்தப் படத்தில் உண்மையிலேயே தீராத வினையோடு வந்தவன் எவன்?

சீடன்: பட்சிராஜன். பறவைகளுக்காக வாழ்ந்தவர். பறவையியலாளர் சாலிம் அலியை மனதில் வைத்து எழுதிய பாத்திரம் என்கிறார்கள். செல்போன் டவரால் பறவைகள் சாகின்றன என்று எல்லோரிடமும் மன்றாடி, யாரும் கேட்காமல் டவரிலேயே தூக்கில் தொங்குகிறார். ஆனால் டவரால் சிட்டுக்குருவி அழிகிறது என்பது அறிவியல்படி நிரூபணம் ஆகவில்லையே? செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்துக்குப் புகார்கூட அனுப்பியது.

குரு: புகாரில் நியாயம் இருக்கலாம். கதிர்வீச்சுக் கணக்கை ஆய்வுக்கூடம் பார்த்துக்கொள்ளட்டும். மனிதன் தன் வசதிக்காக வேறு எந்த உயிரைக் கணக்கில் விட்டுவிடுகிறான் என்பது அவர் கேட்ட கேள்வி. அதற்கு நீ கை தட்டினாயா?

சீடன்: இல்லை. தொண்டை அடைத்தது. ஆனாலும் அவர் பக்கம் போக முடியவில்லை.

குரு: ஏன்?

சீடன்: தெருவில் எல்லார் கையிலிருந்தும் போன் பறந்து போகிற காட்சியில் பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். நான் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். இந்த நாட்டில் வீடியோ கால் தடையை எடுத்தே ஒரு வருஷம்தான் ஆகிறது. என் மகள் நடக்கப் பழகியதை நான் பார்த்தது அந்தத் திரையில்தான். அதைக் கொடுத்துவிடு என்று எவ்வளவு நல்லவர் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

குரு: படம் உன்னைத் தொட்ட இடம் அதுதான். ரூமில் கேட்டபோது உனக்குப் பதில் வராததும் அதனால்தான். சிட்டி கூட்டம் கடைசியில் எப்படி ஜெயித்தது?

சீடன்: குட்டி ரோபோக்கள் புறாக்கள் மேல் ஏறி வந்து, அவற்றை வெடிக்க வைப்போம் என்று மிரட்டும். புறாக்கள் சாகக் கூடாதென்று பட்சிராஜன் தான் பிடித்திருந்த, சிட்டியைப் படைத்த விஞ்ஞானி வசீகரனின் உடம்பை விட்டு வெளியே வருவார்.

குரு: அதாவது, அவருடைய அன்பையே பிணையாகப் பிடித்து ஜெயித்தார்கள்.

சீடன்: ஐயோ! விசிலடித்த சத்தத்தில் இது எனக்கு உறைக்கவே இல்லை.

குரு: அதற்குப் பிறகு யார் எதை விட்டுக் கொடுத்தார்கள்?

சீடன்: யாரும் எதையும் விடவில்லை. போனை அளவாகப் பயன்படுத்த வேண்டும் என்று வசீகரன் சொல்வார். நாங்கள் த்ரீடி கண்ணாடியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து போனை ஆன் செய்தோம்.

குரு: முதல் படம் நாயகனிடமே அவனுடைய உயிரைக் கேட்டது, அவனும் கொடுத்தான். அதனால்தான் நீ அழுதாய். இரண்டாவது படம் அதைவிடப் பெரிய கேள்வியைக் கேட்டுவிட்டு, எந்த இழப்பும் இல்லாமல் உன்னை வீட்டுக்கு அனுப்பியது. கிராஃபிக்ஸ் வளர்ந்திருக்கிறது, த்ரீடி வந்திருக்கிறது. ஆனாலும் ஏதோ குறைகிறதே என்று உனக்குப் படுவது இதனால்தான்.

சீடன்: அப்படியானால் நான் தட்டிய கைதட்டல் பொய்யா?

குரு: பொய்யில்லை. நீ கேட்டதைக் கொடுத்தார்கள், தட்டினாய். உனக்குத் தேவையானதை நீ கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை. அடுத்த பாகம் வந்தால், யார் திரும்பி வருகிறார்கள் என்று பார்க்காதே. யார் எதை இழக்கிறார்கள் என்று பார்.

சீடன்: அடுத்த பாகத்துக்கு நீங்களும் வருவீர்களா ஐயா?

குரு: ரீ-என்ட்ரிக்கு நீ பணம் கட்டு, வருகிறேன்.