ஒரே பண்டம், பல விலைகள்

ஒரு பண்டத்திற்கு நியாயமான விலை என்று ஒன்று உண்டா? சந்தையில் நின்று பேரம் பேசும் எவருக்கும் இக்கேள்வி புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியற் பெருநூலில் இதற்கென ஒரு பகுதியையே ஒதுக்கினார். நியாய விலையை இம்மி பிசகாமல் வரையறுக்க இயலாது, அது ஒருவகை மதிப்பீடே என்பது அவர் துணிபு. இடத்திற்கு இடம் பொருள்களின் மலிவும் அருமையும் மாறும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆயினும், வாங்குபவனின் அவசரத்தை மட்டும் கண்டு விலையை ஏற்றுபவன், தனக்குச் சொந்தமல்லாத ஒன்றை விற்கிறான் என்றார்.

இக்கேள்வியை உரசிப் பார்க்க நம் காலத்திற்கு விந்தையானதொரு உரைகல் கிடைத்திருக்கிறது. அது பொன்னுமன்று, கோதுமையுமன்று. துரித உணவுக் கடையில் விற்கும் பர்கர். 1986-இல் லண்டனின் 'எக்கானமிஸ்ட்' வார இதழ், மெக்டொனால்ட்ஸ் கடைகளின் 'பிக் மாக்' நாட்டுக்கு நாடு என்ன விலைக்கு விற்கிறது என்று ஒப்பிட்டு, நாணயங்களின் மதிப்பை அளக்கத் தொடங்கியது. அதே ரொட்டி, அதே இறைச்சி, அதே செய்முறை. எனவே விலையும் ஒன்றாக இருக்க வேண்டுமல்லவா? இருப்பதில்லை. சுவிட்சர்லாந்தில் அது பெரும்பாலும் உச்ச விலைக்கே விற்கிறது. மாவையும் இறைச்சியையும் கப்பலில் ஏற்றி அனுப்பலாம். கடை வாடகையையும் அடுப்படியில் நிற்பவரின் கூலியையும் அவ்வாறு அனுப்ப இயலாது. ஐஸ்லாந்தில் இதன் மறுபக்கத்தைக் கண்டோம். அங்குப் பண்டங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. 2008-இல் அந்நாட்டு நாணயம் சரிந்தது. அடக்க விலை கட்டுப்படியாகாமல் 2009 அக்டோபரில் அக்கடைகள் மூடப்பட்டன.

விலையைப் போலவே உணவுப் பட்டியலும் ஊருக்கு ஊர் வளைந்து கொடுக்கிறது. நம் சுத்தபோசன ஒழுங்கே அதை ஒருமுறை மாற்றியது என்பதை நம்மில் பலர் அறியார். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் கத்தோலிக்கர் மிகுந்த பகுதியொன்றில் லூ குரோன் என்பவர் மெக்டொனால்ட்ஸ் கடை நடத்தினார். வெள்ளிக்கிழமைதோறும் கடை வெறிச்சோடியது. அவர் மீன் பர்கர் ஒன்றைச் செய்து தலைமையிடம் கொண்டு சென்றார். நிறுவனத்தின் தலைவர் ரே கிராக் அன்னாசித் துண்டு வைத்த தம் பர்கரே வெல்லும் என்று நம்பினார். 1962-இன் புனித வெள்ளியன்று இரண்டும் விற்பனைக்கு வந்தன. மீன் 350, அன்னாசி 6 என்பது குரோன் பிற்காலத்தில் சொன்ன கணக்கு. நமக்குச் சுவையாகத் தோன்றுவது இன்னொன்று. குரோன் விரும்பிய உயர்ந்த வகை மீனைப் போட்டால் விலை 30 சென்ட் ஆகும். 25 சென்டுக்கு மேல் கூடாது என்றது தலைமையகம். அதற்காகவே மலிவான மீனுக்கு மாறினார்கள். பக்தியும் பசியும் சேர்ந்து பட்டியலில் ஓர் இடத்தைப் பெற்றன. அந்த இடத்தின் அளவை முடிவு செய்தது விலையே.

1996-இல் அதே நிறுவனம் டெல்லியில் கடை திறந்தபோது மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் விலக்கப்பட்டன. பிக் மாக்கின் இடத்தில் ஆட்டிறைச்சி 'மகாராஜா மாக்' வந்தது. பின்னர் அது கோழிக்கு மாறியது. உருளைக்கிழங்கு டிக்கியும் ரொட்டிக்குள் புகுந்தது. இந்தோனேசியாவில் பொரித்த கோழியோடு சோறு கிடைக்கிறது. இதில் வணிகத் தந்திரம் இருக்கலாம். ஆனாலும் மக்களின் நம்பிக்கைக்கும் நாவுக்கும் இடங்கொடுக்கும் இப்போக்கை நாம் குறை கூறத் தேவையில்லை.

ஆனால் உழைப்பின் மதிப்பும் இவ்வாறே ஊருக்கு ஊர் வளையலாமா? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஆர்லி ஆஷன்ஃபெல்டர் இதை அளந்தார். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இக்கடைகளின் பணியாளர் ஒரு மணி நேர ஊதியத்தில் எத்தனை பிக் மாக் வாங்கலாம் என்று கணக்கிட்டு, 2012-இல் வெளியிட்டார். வேலை ஒன்றே, திறனும் ஒன்றே, அடுப்பும் மணியோசையும்கூட ஒன்றே. ஊதியத்தில் மட்டும் பத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு வேறுபாடு. 2007-இல் அமெரிக்கப் பணியாளரின் ஒரு மணி நேரம் இரண்டு பிக் மாக்குகளுக்கு மேல் வாங்கியது. இந்தியப் பணியாளரின் ஒரு மணி நேரம் மகாராஜா மாக் ஒன்றில் பாதியைக்கூட வாங்கவில்லை.

இதற்கு மறுப்பு உண்டு. அது அற்பமான மறுப்புமன்று. அமெரிக்காவில் பர்கர் எளியவரின் உணவு. இங்கோ அது வசதியுள்ளவரின் பொழுதுபோக்கு. நம் தொழிலாளி இட்லி உண்டு பசியாறுகிறார். அவர் கூலியை பர்கரால் அளப்பது முறையா? மேலும், சுற்றியுள்ள நாடே ஏழையாயிருக்கையில் ஒரு கடைக்காரர் மட்டும் எவ்வளவு கொடுத்துவிட முடியும்? இரண்டும் உண்மையே. ஆனால் இவை வேறுபாட்டின் காரணத்தை விளக்குகின்றனவேயன்றி, அது நியாயமே என்று நிறுவவில்லை. 1891-இல் 'ரேரும் நோவாரும்' மடலில் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ இவ்விரண்டையும் பிரித்தே பார்த்தார். முதலாளியும் தொழிலாளியும் மனமொப்பிக் கூலி பேசிக்கொண்டாலும், சிக்கனமாக வாழும் தொழிலாளிக்கு அக்கூலி போதவில்லையென்றால், அவ்வொப்பந்தத்திற்கு மேற்பட்ட நீதி ஒன்று மீறப்படுகிறது என்றார். அவர் கூலியை வைத்து அளந்தது அந்தந்த வீட்டின் உலைப்பானையை. எனவே நாட்டுக்கு நாடு தொகை மாறுவது அவருக்கு உறுத்தாது, பானை நிறையாததே உறுத்தும்.

செல்வ நாட்டில் அது நிறைந்துவிட்டதா? பிக் மாக் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்த 1968-இல் அதன் விலை 49 சென்ட். கூட்டரசு விதித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 1.60 டாலர்; அதாவது மூன்று பிக் மாக்குக்கு மேல். (சட்டத்தின் கீழ் அப்போதுதான் கொண்டுவரப்பட்ட உணவகம் போன்ற தொழில்களில் அது 1.15 டாலரே, அதிலும் இரண்டு வாங்கலாம்.) 2024-இல் அதன் சராசரி விலை 5.69 டாலர். கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியமோ 2009-இலிருந்து 7.25 டாலரிலேயே நிற்கிறது. ஒன்றை வாங்கியபின் எஞ்சுவது சில்லறையே. பல மாநிலங்கள் தாமாகவே இதை உயர்த்தியுள்ளன. கலிபோர்னியாவில் துரித உணவுப் பணியாளருக்கு மணிக்கு 20 டாலர் என்ற சட்டம் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே கொடி பறக்கும் டெக்சாஸ் மாநிலத்திலோ சட்டம் காக்கும் எல்லை இன்னும் 7.25 டாலர்தான்.