வெயிலும் விநயமும்

மனிதன் உடுத்துகிற உடை அவனுடைய சரீரத்துக்காகவா, அவனைக் காண்கிற பிறருக்காகவா என்கிற வினா, மேற்பார்வைக்கு அற்பமானதாகத் தோன்றினாலும், மரியாதை என்பது யாது, அது யாருக்கு யார் செலுத்த வேண்டிய கடன் என்னும் பெரிய தர்மவிசாரணைக்குள் நம்மைக் கொண்டுபோய் விடுவதாகும். ஊவா மாகாணத்தில் ஆனி தொடங்கி ஆவணி கடந்தும் நீளுகிற வறண்ட பருவத்தில் உத்தியோகத்துக்கென்று நாள்தோறும் உடுத்திப் புறப்படுகிற எவருக்கும் இது ஏட்டளவில் நிற்கிற வினாவன்று.

மேற்கு மலைச்சரிவுகளில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, முகடுகளைத் தாண்டி ஈரமற்று இறங்கி வருகிற கச்சான் காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகப் பிரசித்தி பெற்ற மணத்தை ஈகிறது. அதே காற்றுத்தான் பதுளைக் கச்சேரியிலும் பாடசாலைகளிலும் கடமை புரிவோரின் தொண்டையை உலர்த்துகிறது. 1,400 மீற்றருக்கு மேலுள்ள அப்புத்தளையில் விடியற்குளிருக்குக் கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு ரயிலேறுகிறவர், ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையின் நண்பகலை அதே உடுப்போடு சந்திக்க முடியாது. தோட்டப் பாடசாலை ஆசிரியையின் பாடோ இன்னும் கடினம். பஸ்ஸை விட்டிறங்கி, கஞ்சிபோட்ட சேலையின் கொசுவத்தை ஒரு கையாலும் குடையை மறு கையாலும் பிடித்தபடி, லயங்களைக் கடந்து மலைப்பாதையில் ஏறிப் பாடசாலையை அடைவதற்குள், சேலைக்கரையில் செம்மண் படிந்துவிடுகிறது. தோளில் ஊசி குத்திய இடம் வியர்வை பட்டு எரிகிறது. பிள்ளைகள் எழுந்து நின்று, “வணக்கம் டீச்சர்” என்கிறார்கள். அவ்வணக்கம் சேலைக்கா, எழுத்தறிவிக்க வந்தவளுக்கா?

சமயங்கள் இதுபற்றி மௌனம் சாதிக்கவில்லை. பதுளை நகரின் நடுவே முத்தியங்கண விகாரை இருக்கிறது. அங்குள்ள பிக்குமார் பின்பற்றுகிற விநய மரபிலே, சீவரம் தரிக்கும்போது சிந்திக்க வேண்டியவை இவையென வகுக்கப்பட்டுள்ளன: குளிரையும் வெப்பத்தையும் தடுப்பதற்காக, ஈ கொசு காற்று வெயில் ஊர்வன ஆகியவற்றினின்றும் காத்துக்கொள்வதற்காக, வெட்கத்துக்குரிய உறுப்புகளை மறைப்பதற்காக. உடைக்கு இவற்றுக்கு மேற்பட்ட பிரயோஜனத்தை அம்மரபு கேட்கவில்லை. இதே ஊவாவில் உள்ள கதிர்காமத்திலும், மாணிக்க கங்கையில் மூழ்கியெழுந்து சந்நிதிக்கு நடக்கிற அடியாரிடையே பாதரட்சையில்லாத கால்களைக் கண்டு எவரும் தராதரம் பிரிப்பதில்லை. நம் கோயில்கள் பலவற்றில் ஆடவர் மேலாடையைக் களைந்து நிற்பதும் அவ்விதமே. அங்கே ஒருவர் களைந்தால் அனைவரும் களைகிறார்கள்.

ஆனால் மேலாடையைக் களைகிற அதே செயலுக்கு மலையகத்தில் மற்றொரு சரித்திரமும் உண்டு. தோளில் கிடந்த துண்டைத் தோட்டத் துரையைக் கண்டதும் இழுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தலைப்பாகையை அவிழ்த்துக் கையிலேந்தி, செருப்பில்லாக் காலோடு ஒதுங்கி நின்ற நம் பாட்டன்மாரின் வழக்கம் அது. அவர்கள்முன் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாகக் கங்காணி நின்றார். துரையோ, இந்நாட்டு வெயிலுக்கு இசைந்த அரைக்காற்சட்டை அணிந்திருந்தார். கோயிலிலே துண்டை இறக்குவது பக்தி, ஆட்கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலே துண்டை இறக்குவது அடிமைத்தனம் என்று நாம் பிரித்துச் சொல்வது எதனால்? எல்லாரும் ஒரு சமமாகச் செலுத்துகிற மரியாதை மனிதனை உயர்த்துகிறது. ஒரு சாராரிடமிருந்து மாத்திரம் பறிக்கப்படுகிற மரியாதை இரு சாராரையும் தாழ்த்துகிறது. எந்த உடைவிதியையும் இந்த அளவுகோலால் அளந்து பார்த்தாலன்றி, அதிலுள்ள தர்மம் புலப்படாது.

இவ்வளவுகோலுக்குச் சரித்திரத்திலும் சான்றுகள் உண்டு. 1905ஆம் ஆண்டில், துருக்கித் தொப்பியோடு வாதாட வந்த வழக்குரைஞர் எம். சி. அப்துல் காதருக்குக் கொழும்பு உயர்நீதிமன்றம் தடைவிதித்தபோது, அவ்வாண்டின் இறுதி நாளில் மருதானையில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடியதற்குக் காரணம், ஒரு சமூகத்தின் கௌரவச் சின்னமே அவமரியாதையாகக் கருதப்பட்டமைதான். 1921 செப்டெம்பரில் மதுரையில் அரையாடை பூண்ட காந்தியடிகள், 1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட இலங்கைக்கு வந்தபோது பதுளையிலும் அவ்வுடையோடே காட்சியளித்தார். 1931இல் ஆங்கிலேய மன்னரின் அரண்மனைக்கும் அவ்வாறே சென்றார். ஏழையின் உடையை எங்கும் மாற்றாதிருந்தமையால், அவ்வுடைக்கே ஒரு கௌரவம் உண்டாயிற்று.

இதைச் சொல்வதனால், கந்தோருக்கு எவரும் எப்படியும் வரலாம் என்று கொள்ளலாகாது. கொழுந்துக் கூடையையும் படங்கையும் வைத்துவிட்டு, ஒருநாட் சம்பளத்தை இழந்து, பெட்டியில் மடித்துவைத்திருந்த நல்ல சேலையை எடுத்துடுத்திப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்காக வருகிற தாயின்முன், கசங்கிய சட்டையோடு அசட்டையாக அமர்ந்திருக்கிற உத்தியோகத்தர் அவளை அவமதிக்கிறார். அவள் தந்த மரியாதைக்கு ஈடாகத் தூய்மையும் அடக்கமும் இன்சொல்லும் அவர் தரவேண்டிய கடன். அக்கடனைத் தீர்க்கத் தோய்த்து மடித்த மெல்லிய பருத்தியுடை போதும். கழுத்துப்பட்டியும் ஆறு கஜச் சேலையின் கனமும் வேண்டுவதில்லை.

2019 மே மாத இறுதியில், அரச அலுவலகங்களில் பெண்கள் சேலையோ, கண்டிச் சேலையாகிய ஒசரியோதான் உடுத்தவேண்டும் என்று சுற்றறிக்கை பிறந்தது. ஆட்சேபம் எழுந்தபின் அது திருத்தப்பட்டது. 2022 செப்டெம்பரில், பொருளாதார நெருக்கடியை முன்னிட்டு, இலகுவான உடைக்கு அரசே இசைந்தது. ஆயினும் அவ்வாண்டு நவம்பரில் சில ஆசிரியைகள் சேலையல்லாத உடையில் பாடசாலைக்கு வந்தபோது, கல்வியமைச்சு சேலையையே வற்புறுத்தியது. சேலை நம்முடைய அழகிய ஆடைதான். விரும்பி உடுத்துகிறவளுக்கு அது அணிகலன். ஆனால் காற்சட்டையும் சட்டையும் அணிந்த ஆசிரியர் தளர்வின்றி ஏறுகிற அதே பாதையில், ஆசிரியை மாத்திரம் மரபின் பாரத்தைச் சுமந்து ஏறவேண்டும் என்பது சமமான மரியாதையாகாது.

ஆதலின் உடைவிதி வகுக்கிற அதிகாரிகளுக்கு என் விண்ணப்பம் இது: தூய்மையையும் அடக்கத்தையும் விதியாக வையுங்கள், துணியின் வகையையும் கனத்தையும் உடுத்துகிறவரின் விவேகத்துக்கு விட்டுவிடுங்கள். அதற்கு மேலும் ஒரு விதி வேண்டுமென்று தோன்றினால், ஆடி மாத நண்பகலில் அவ்விதிப்படி நீங்களே உடுத்து ஒரு தோட்டப் பாதையில் ஏறிப் பார்த்தபின் கையொப்பமிடுங்கள்.