பயணமும் பாட்டும்

மனிதன் வழிநடக்கத் தொடங்கிய நாளிலேயே பாடவும் தொடங்கியிருக்க வேண்டும். மாட்டு வண்டி ஓட்டியவன் பாடினான். துடுப்பு வலித்தவன் பாடினான். பாலையில் ஒட்டகம் நடத்தியவன் பாடினான். இன்று மோட்டார் வண்டி ஓட்டுபவனோ தானே பாடுவதில்லை. பாட்டைப் பாட வைத்துக் கேட்கிறான். தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குப் போகும் நாற்கரச் சாலையிலும் சரி, திரேஸ்புரத்துக் கடற்கரையிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு கிளம்பும் லோடு ஆட்டோவிலும் சரி, எஞ்சின் முழங்கத் தொடங்கியதும் பாட்டும் முழங்கத் தொடங்குகிறது. ஒவ்வொருவருக்கும் வழித்துணையாக ஒரு பாட்டு இருக்கிறது.

இதைப் பற்றி நம் இல்லங்களில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: எந்தப் பாட்டைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது? திருமறையின் லுக்மான் அத்தியாயம் ஆறாம் வசனத்தில் கண்டிக்கப்படும் வீண்பேச்சு இசையையே குறிக்கும் என்று கொண்ட பெரியோர்கள் இருக்கிறார்கள். பொருளும் சூழலும் நல்லவையாக இருப்பின் இசை ஆகும் என்று கொண்ட பெரியோர்களும் இருக்கிறார்கள். நூற்றாண்டுகளாக நடந்துவரும் அவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை. ஆனால், அவ்வழக்கின் இருதரப்பாரும் கேட்க மறந்துவிடும் வேறொரு கேள்வி உண்டு. கேட்கும் பாட்டு, கேட்பவனை நம்பி வருபவர்களை என்ன செய்கிறது என்பதே அது.

இக்கேள்விக்கு விடை தேடக் கடற்கரையைவிடச் சிறந்த இடமில்லை. திரேஸ்புரம், இஸ்லாமியரும் பரதவரும் அடுத்தடுத்து வாழ்ந்து கடலையே நம்பித் தொழில் புரியும் கரை. வல்லமும் வலையும் சங்கு குளித்தலும் அவர்களின் வாழ்வு. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்ததோடு நின்று போயிற்று. சங்கு குளித்தல் இன்றும் இருக்கிறது. பாயும் துடுப்புமாக இருந்த காலத்தில் இக்கரையெங்கும் அம்பாப் பாட்டு ஒலித்தது. ஒருவன் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் ஏலேலோ என்று வாங்கிப் பாடுவர். அது பொழுதுபோக்குப் பாட்டன்று. பத்துக் கைகளை ஒரு கையாக்கும் பாட்டு. துடுப்பு கனத்தால் பாட்டும் மெதுவாகும். அலை தணிந்தால் பாட்டும் விரையும். வேலை முன்னே நடந்தது. பாட்டு அதன் பின்னே நடந்தது.

அதே கடலில் பாட்டுக்கு இடமில்லாத ஒரு வேளையும் இருந்தது. பழைய முறையில் குளிப்பவர் கல்லின் கனத்தால் ஆழத்துக்கு இறங்குவார். மூச்சை அடக்கி அவர் கீழே இருப்பது ஒரு நிமிடம், அல்லது அதற்குச் சற்று மேல். அவ்வளவு நேரமும் அவர் உயிர் படகில் நிற்பவரின் கையிலுள்ள கயிற்றில் இருக்கிறது. கீழிருந்து கயிறு அசைந்த மாத்திரத்தில் மேலே இழுத்தாக வேண்டும். கயிறு பிடித்து நிற்பவர் எவ்வளவு இனிய பாடகராக இருந்தாலும் அந்த வேளையில் அவருடைய செவியும் கண்ணும் உள்ளமும் உள்ளங்கைக்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும். துடுப்பு வலிக்கும்போது பாடுவது கடமைக்குத் துணை. கயிறு பிடிக்கும்போது பாட்டில் மனம் லயிப்பது கடமைக்குத் துரோகம். பாட்டில் மாற்றமில்லை, மாறியது பொறுப்பு.

இனி நபிமணியின் வாழ்வுக்கு வருவோம். பெருமானார் (ஸல்) அவர்களின் பயணக் கூட்டத்தில் அன்ஜஷா என்றொருவர் ஒட்டகம் நடத்தி வந்தார். இனிய குரலுடையவர். ஒட்டகங்கள் அவர் பாட்டைக் கேட்டு நடையை விரைவுபடுத்தும். ஒருமுறை பெண்கள் அமர்ந்திருந்த ஒட்டகங்களை அவர் பாடி ஓட்டிச் செல்கையில், அண்ணலார் அவரை அழைத்து, கண்ணாடிப் பாத்திரங்களை ஏற்றிச் செல்கிறாய், மெல்ல நடத்து என்ற கருத்துப்பட அறிவுரை கூறினார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றிருக்கிறது.

இந்தச் சிறு நிகழ்ச்சியை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பெண்களிடம் மென்மை காட்டுவதற்கு இதைச் சான்றாகக் கூறுவார்கள், அது உண்மை. வழிநடைப் பாட்டு ஆகுமானது என்பதற்கும் இதையே சான்றாகக் கூறுவார்கள், அதற்கும் இடமுண்டு. மூன்றாவதாகவும் ஒரு பாடம் இதில் அடங்கியிருக்கிறது. அண்ணலார் பாட்டின் பொருளைப் பற்றி அங்கே ஏதும் வினவவில்லை. பாட்டு நடையை விரைவாக்குகிறது, நடை சுமந்து செல்வோரைக் குலுக்குகிறது என்பதையே கண்டார்கள். பாட்டின் தரத்தை அதன் சொற்களை வைத்து மட்டுமின்றி, ஏறியிருப்பவரின் நலத்தை வைத்தும் அளந்தார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 505இல், அதாவது கி.பி. 1111இல் மறைந்த பேரறிஞர். அவர்களுடைய இஹ்யாவு உலூமித்தீன் என்னும் நூலில் இசை கேட்டலின் ஒழுக்கங்களுக்கென்றே தனியொரு பகுதி இருக்கிறது. அதில் ஒரு கதை வருகிறது. பாலைவனக் குடியினர் ஒருவரின் கூடாரத்துக்கு விருந்தினர் ஒருவர் வருகிறார். வாசலில் ஒட்டகங்கள் இறந்து கிடக்கின்றன. ஓர் அடிமை விலங்கிடப்பட்டிருக்கிறான். காரணம் கேட்டபோது வீட்டுக்காரர் கூறுகிறார்: இவன் பாரமான சுமைகளை ஒட்டகங்கள்மீது ஏற்றி, இனிய குரலில் பாடி ஓட்டினான், மூன்று நாள் வழியை அவை ஒரே இரவில் கடந்துவிட்டன, சுமையை இறக்கியதும் ஒன்றைத் தவிர யாவும் இறந்து வீழ்ந்தன.

இசைக்கு விலங்கின் உள்ளத்தையும் ஆட்கொள்ளும் ஆற்றல் உண்டு என்று காட்டவே இமாமவர்கள் இக்கதையைச் சொல்கிறார்கள். நாம் அதன் மறுபுறத்தையும் பார்க்கலாம். அந்த ஒட்டகங்கள் துன்பத்தை உணராமலே ஓடின. களைப்பை மறக்கச் செய்தது பாட்டு, களைப்பைப் போக்கவில்லை. மறந்த களைப்பு கணக்கிலிருந்து கழிந்துவிடுவதில்லை. பயணத்தின் முடிவில் மொத்தமாக வந்து நின்று விலை கேட்கிறது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் இன்றைய சாலைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். மோட்டார் காருக்குள் விற்பனைக்குரிய வானொலி அமெரிக்காவில் 1930 வாக்கில் வந்தது. ஒலிநாடாப் பேழையை 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்டது. அதன்பின், வானொலி தருவதைக் கேட்டவன் தான் விரும்பியதைக் கேட்பவனானான். கொழும்பு வானொலியின் தமிழ் ஒலிபரப்பு இக்கரை வீடுகளில் நிறைந்து ஒலித்த காலம் ஒன்றிருந்தது. நாகூர் இ. எம். ஹனீபா (1919–2015) அவர்களின் கம்பீரக் குரலோ திருமணப் பந்தலிலிருந்து இறங்கிப் பேருந்திலும் லாரியிலும் ஏறிக்கொண்டது. இன்று கைப்பேசிக்குள்ளேயே ஆயிரம் பாடகர்கள் குடியிருக்கிறார்கள்.

வசதி பெருகியது நன்றே. ஆனால் ஒரு பெரிய மாற்றத்தை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம். அன்ஜஷாவுக்குக் கண்ணிருந்தது. ஏறியிருப்போர் யார் என்று அவர் காண முடிந்தது; மெல்ல என்று சொன்னதும் குரலைத் தணிக்க முடிந்தது. அம்பாப் பாட்டுக்காரனுக்கு அலை தெரிந்தது. பெட்டிக்குள் அடைபட்ட பாட்டுக்கோ கண்ணில்லை. முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையைக் கடப்பதை அது அறியாது. பின்னிருக்கையில் பிரசவ வலியோடு ஒரு பெண் இருப்பதை அது அறியாது. எந்த இடத்திலும் அதே விரைவில் அதே முழக்கத்தில் பாடிக்கொண்டிருக்கும். துடுப்பு பாட்டை நடத்திய காலம் போய், பாட்டு வண்டியை நடத்தும் காலம் வந்துவிட்டது. விரைந்த தாளம் ஓட்டுபவரின் வேகத்தை அவரறியாமலே ஏற்றிவிடக்கூடும் என்பதைப் பாவனைக் கருவிகளைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு விநாடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. பல்லவியில் மனம் லயித்த அந்த ஒரு விநாடியில் ஓர் உயிரைக் காப்பதற்குரிய தூரம் கடந்துபோய்விடுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். இரவெல்லாம் ஐஸ் பெட்டிகளோடு மீனை ஏற்றிக்கொண்டு மலையாள நாட்டுக்கு லாரி ஓட்டும் இளைஞன், பாட்டு இல்லையென்றால் தூங்கிவிடுவேன் என்கிறான். அவனுக்கு இசை இன்பப் பொருளன்று, உயிர்க்காப்பு. அவனிடம் நாம் வேதாந்தம் பேசலாமா?

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தனிமையும் இருட்டும் நெடுஞ்சாலையும் சேர்ந்து கண்ணை அழுத்துவதை ஓட்டியவரே அறிவர். அளவான பாட்டு அப்போது ஒரு துணைதான். எனினும் அத்துணையின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். தூக்கம் அழுத்தும் ஓட்டுநர்களுக்கு வானொலியும் குளிர்காற்றும் எவ்வளவு உதவுகின்றன என்று இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 1998இல் முடிவு வெளியிட்டார்கள். கிடைக்கும் பயன் சிறிது, அதுவும் சற்று நேரத்துக்கே என்பதுதான் அம்முடிவு. தூக்கத்துக்கு மருந்து தூக்கமே. இமாமவர்களின் கதையில் வரும் ஒட்டகங்களை இவ்விடத்தில் மீண்டும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஓட்டுபவனை மட்டும் குற்றவாளியாக்குவதும் அநீதி. விடியுமுன் சந்தைக்குச் சரக்கு வந்தாக வேண்டும் என்று கெடு வைப்பவர் யார்? ஒருவன் செய்ய வேண்டிய இரண்டு நாள் வேலையை ஓர் இரவில் வாங்குபவர் யார்? நம்மில் வணிகர்கள் அதிகம். வண்டி உடையோரும் அதிகம். தொழுகையைத் தவறவிடாத நாம், நம் சரக்குக்காக ஒருவன் கண்விழித்துக் கண்விழித்துச் சாலையில் கரைவதைப் பற்றியும் மறுமையில் கேட்கப்படுவோம். அவனுக்குப் புதிய பாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுப்பதைவிட, வழியில் இரண்டு மணி நேரம் உறங்கிக்கொள்ள அனுமதி கொடுப்பதே மேலான தருமம்.

இன்னொரு மறுப்பும் உண்டு. அது நம்மவர்க்கே உரியது. நாங்கள் கேட்பது சினிமாப் பாட்டன்று. கிராஅத்தும் பைத்தும் நபிபுகழ்ப் பாடல்களும்தாம், அவற்றில் என்ன தவறு என்பார்கள். தவறென்று நாம் சொல்லவில்லை. நல்லவற்றைக் கேட்பது நன்மையே. ஆனால், கேட்கும் பொருள் நல்லது என்பதனாலேயே கேட்கும் முறையும் நல்லதாகிவிடாது. குர்ஆன் ஓதப்படுகையில் செவிதாழ்த்தி மௌனமாய்க் கேட்குமாறு அல்அஃராஃப் அத்தியாயத்தின் 204ஆம் வசனம் பணிக்கிறது. எதிரே லாரி வரும்போது முழு உள்ளத்தையும் ஓதலுக்குக் கொடுத்தால் சாலைக்குத் துரோகம். சாலைக்குக் கொடுத்துவிட்டு ஓதலை வெறும் பின்னணி ஓசையாக்கினால் ஓதலுக்கு மரியாதைக் குறைவு. பாட்டு எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு அதிகமாக அது நம் உள்ளத்தைக் கேட்கிறது. எனவே நெருக்கடியான இடத்தில் அதை நிறுத்திவைப்பது பக்திக் குறைவன்று, பக்தியின் ஒழுக்கமே.

இசை கேட்பதற்குக் காலம், இடம், உடனிருப்போர் என்னும் மூன்றும் பொருந்த வேண்டும் என்று ஞானி ஜுனைது பக்தாதி (ரஹ்) கூறியதாக இமாம் கஸ்ஸாலி எடுத்துரைக்கிறார்கள். உள்ளத்தை வேறொன்று இழுக்கும் வேளை அதற்குரிய காலமன்று. மக்கள் நடமாடும் தெருவும் அதற்குரிய இடமன்று. அதை விரும்பாதவர் அருகிலிருப்பின் அவர் உரிய துணையுமல்லர். மோட்டார் வண்டியைக் கனவிலும் காணாத அந்நூற்றாண்டில் சொல்லப்பட்ட இம்மூன்றும், இன்று ஓட்டுநர் உரிமத்தோடு சேர்த்துக் கொடுக்கத்தக்கவை.

உடனிருப்போர் என்னும் மூன்றாவதை நாம் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். திரேஸ்புரத்தில் ஒரே வாடகை வண்டியில் நம்மவரும் பரதவரும் இந்துக்களும் சேர்ந்தே போகிறார்கள். அவரவர் பக்திப் பாட்டு அவரவர்க்கு இனிது. வண்டி நம்முடையது என்பதற்காக நம் பாட்டை எல்லாச் செவிகளிலும் ஊற்றுவது அழைப்புப் பணியாகாது, அத்துமீறலாகும். பள்ளிவாசலில் சத்தமிட்டு ஓதியவர்களைக் கூட, ஒருவர்க்கொருவர் இடையூறாக வேண்டாம் என்று நபிகளார் தடுத்ததாக அபூதாவூது பதிவு செய்திருக்கிறார். பள்ளிவாசலுக்குள்ளேயே அவ்வளவு மென்மை வேண்டுமென்றால், நோயாளி கண்ணயர்ந்து கிடக்கும் மருத்துவமனைத் தெருவில் எவ்வளவு வேண்டும்! மருத்துவமனையையும் பள்ளிக்கூடத்தையும் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத அமைதி வளையத்துக்கு நாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டில் வகை செய்தது. அச்சட்டம் இல்லாவிட்டாலும் நம் மார்க்கம் நமக்கு அதைச் சொல்லியே இருக்கிறது.

அப்படியானால் வண்டியோட்டுகையில் கேட்கத்தக்க சிறந்த பாட்டு எது? தடுத்து நிறுத்த மனம் வருகின்ற பாட்டே சிறந்தது என்போம். குழந்தை அழுதால், முதியவர் முகம் சுளித்தால், மழை பிடித்தால், சந்தடியான கடைத்தெரு வந்தால், எந்தப் பாட்டை ஒரு விரலசைவில் நிறுத்திவிட நமக்கு இயலுகிறதோ அது நம் ஊழியன். எதை நிறுத்த மனம் வரவில்லையோ அது நம் எசமான். அதன் சொற்கள் எத்துணைப் புனிதமாயினும் சாலையில் அதற்கு இடமில்லை.

லுக்மான் தம் மகனுக்குக் கூறிய அறிவுரைகளைத் திருமறை எடுத்துரைக்கையில், நடையில் நடுநிலை கொள்ளுமாறும் குரலைத் தாழ்த்திக்கொள்ளுமாறும் ஒரே வசனத்தில் சேர்த்துச் சொல்கிறது. அவ்வத்தியாயத்தின் பத்தொன்பதாம் வசனம் அது. நடைக்கும் குரலுக்கும் என்ன உறவு என்று அதை ஓதும்போது நாம் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். வண்டியின் வேகமும் அதற்குள் ஒலிக்கும் பாட்டும் ஒன்றையொன்று ஏற்றிவிடும் இக்காலத்தில் அவ்வுறவு கண்கூடாகத் தெரிகிறது.

வண்டியில் ஏறியதும் நாம் ஓதும் துஆவும் ஸுக்ருஃப் அத்தியாயத்தின் வாக்கே. இதை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் தூயவன், நாம் அவனிடமே திரும்பிச் செல்பவர்கள் என்பது அதன் கருத்து. வாகனம் வசப்படுத்தித் தரப்பட்டது என்றால் அது அமானத்து. அதில் ஏறியிருப்போர் அமானத்து. எதிரே வருவோரும் அமானத்து. அந்த துஆ ஒரு நாழிகைக்கு நம்மை மௌனமாக்கட்டும். பிறகு பாட்டு வரட்டும், மெல்ல வரட்டும், கண்ணாடிப் பாத்திரங்களின் நினைவோடு வரட்டும்.